இரசிகர் மீட்பு இயக்கம் (தொலைக்காட்சி)

இரசிகர் மீட்பு இயக்கம் என்பது, ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றால் நிறுத்தப்பட்ட அல்லது நிறுத்தப்படும் நிலையில் உள்ள தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொடரச் செய்யும் நோக்குடன், அதன் பார்வையாளர்கள் ஒன்றுசேர்ந்து மேற்கொள்ளும் முயற்சியைக் குறிக்கும். 1960களில் இவ்வியக்கங்கள் அஞ்சல் வழிக் கடிதங்களைக் கொண்டு நடத்தப்பட்டன. 1990களின் இறுதியில் இருந்து இணையவழி மனுக்கள் இவற்றின் முதன்மையான கருவியாக வளர்ந்தன. இத்தகைய இயக்கங்களுள் நன்கு அறியப்பட்டவை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்கத் தொடர்களைச் சார்ந்தவை ஆகும்.

இவ்வாறு எழுதப்படும் மனுக்களுள் பெரும்பாலானவை தொடரை மீட்பதில்லை. வெற்றி பெற்றவையாகக் கருதப்படும் இயக்கங்களை ஒப்பிட்டு நோக்கும்போது, கையொப்பங்களின் எண்ணிக்கையை விட மூன்று காரணிகளே முடிவைத் தீர்மானிப்பதைக் காணலாம். தொடரின் உரிமை யாரிடம் உள்ளது, அதைத் தொடர்வதால் ஆதாயம் அடையக்கூடிய நிறுவனம் ஏதேனும் உண்டா, இரசிகர்களின் ஆர்வம் பணமாகவோ அளவிடத்தக்க பார்வையாளர் எண்ணிக்கையாகவோ மாறுகிறதா என்பன அக்காரணிகள் ஆகும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு தொடரைத் தயாரிக்கும் நிறுவனமும் அதை ஒளிபரப்பும் நிறுவனமும் பல வேளைகளில் வெவ்வேறானவை. ஒளிபரப்பு நிறுவனம் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தயாரிப்பாளருக்கு உரிமக் கட்டணம் செலுத்துகிறது. அந்த அத்தியாயத்தின் இடையே விளம்பர நேரத்தை விற்று அத்தொகையை ஈட்டிக்கொள்கிறது. விளம்பர வருவாய் உரிமக் கட்டணத்தை விடக் குறையும்போது, அல்லது அதே நேரத்தில் வேறொரு நிகழ்ச்சி கூடுதல் வருவாய் தரும் எனக் கருதப்படும்போது, தொடர் நிறுத்தப்படுகிறது.

விளம்பரக் கட்டணம் பார்வையாளர் அளவீட்டை அடிப்படையாகக் கொண்டது. நீல்சன் நிறுவனம் நாடு முழுவதும் தெரிவு செய்த மாதிரி வீடுகளில் இருந்து பெற்ற தரவுகளே நெடுங்காலமாக இதற்கு அளவுகோலாக இருந்தன. மொத்தப் பார்வையாளர்களை விட, 18 முதல் 49 அகவை வரையிலானோரின் எண்ணிக்கைக்கு விளம்பரதாரர்கள் கூடுதல் மதிப்பளித்தனர். மாதிரி வீடுகளுள் ஒன்றில் வாழாத இரசிகர் ஒருவர் ஓர் அத்தியாயத்தைத் தவறாமல் பார்த்தாலும், அது அளவீட்டில் நேரடியாகப் பதிவாவதில்லை. தாம் கணக்கில் கொள்ளப்படவில்லை என்னும் இந்த உணர்வே மீட்பு இயக்கங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக அமைந்தது.

தயாரிப்பாளரின் கணக்கு இதிலிருந்து வேறுபட்டது. உரிமக் கட்டணம் தயாரிப்புச் செலவு முழுவதையும் ஈடு செய்வதில்லை. போதிய எண்ணிக்கையில் அத்தியாயங்கள் சேர்ந்த பிறகு, அவற்றை மறு ஒளிபரப்புக்காக உள்ளூர் நிலையங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் விற்பதன் மூலமே பெரும் ஆதாயம் கிடைத்தது. எனவே, ஒளிபரப்பு நிறுவனத்துக்கு இழப்பாகத் தோன்றும் தொடர் தயாரிப்பாளருக்குப் பயனுள்ளதாக இருக்கக்கூடும். மீட்பு இயக்கங்களுக்கு வாய்ப்பளிப்பது இந்த இடைவெளியே ஆகும்.

வரலாறு

கடிதங்களின் காலம்

இவ்வகை இயக்கங்களுள் மிகவும் அறியப்பட்டது ஸ்டார் ட்ரெக் தொடருக்காக நடத்தப்பட்டது ஆகும். என்பிசி நிறுவனம் 1966 செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய இத்தொடர், இரண்டாம் பருவத்துடன் நிறுத்தப்படலாம் என்ற செய்தி பரவியது. பிஜோ டிரிம்பிள், அவரது கணவர் ஜான் டிரிம்பிள் ஆகியோர் அறிவியல் புனைகதை இரசிகர்களை ஒருங்கிணைத்துக் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இதற்கு மறைமுகமாக ஊக்கமளித்தார். 1968 ஜனவரியில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக மாணவர்கள் பர்பாங்கில் உள்ள என்பிசி நிலையத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். 1967 டிசம்பர் முதல் 1968 மார்ச் வரை ஏறத்தாழ 1,16,000 கடிதங்கள் வந்ததாக நிறுவனம் பின்னர் தெரிவித்தது. தொடர் தொடரும் என்னும் அறிவிப்பு 1968 மார்ச் 1 அன்று தொலைக்காட்சியிலேயே வெளியிடப்பட்டது.

எனினும், மூன்றாம் பருவத்துக்கான செலவுத் தொகை குறைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை இரவு 10 மணி என்னும், இளைஞர்கள் வீட்டில் இருக்க வாய்ப்புக் குறைந்த நேரம் அதற்கு ஒதுக்கப்பட்டது. தொடர் 1969இல் முடிவுக்கு வந்தது. இதனால் அவ்வியக்கம் ஓராண்டுக்கு மட்டுமே பயன் தந்ததாகத் தோன்றலாம். ஆயினும், முதல் இரு பருவங்களில் 55 அத்தியாயங்களே இருந்தன. மூன்றாம் பருவத்தின் 24 அத்தியாயங்கள் சேர்ந்து மொத்தம் 79 ஆனதால், நாள்தோறும் மறு ஒளிபரப்புச் செய்வதற்கு ஏற்ற தொகுப்பாக அது விற்கப்பட்டது. 1970களில் மறு ஒளிபரப்பின் வழியாகவே இத்தொடர் பெரும் புகழ் அடைந்தது. 1979இல் வெளிவந்த திரைப்படமும் 1987இல் தொடங்கிய அடுத்த தொடரும் அப்புகழின் விளைவுகள் ஆகும்.

சிபிஎஸ் நிறுவனம் 1983இல் நிறுத்திய கேக்னி அண்ட் லேசி தொடரும் கடித இயக்கத்தின் துணையுடன் திரும்பியது. இங்கு கடிதங்களுடன் வேறு இரு நிகழ்வுகளும் சேர்ந்துகொண்டன. கோடைக்கால மறு ஒளிபரப்பில் அத்தொடரின் பார்வையாளர் எண்ணிக்கை உயர்ந்தது. அதில் நடித்த டைன் டேலி அவ்வாண்டின் எம்மி விருதைப் பெற்றார். 1984 மார்ச்சில் மீண்டும் தொடங்கிய தொடர் 1988 வரை ஒளிபரப்பானது.

பொருட்களை அனுப்பும் முறை

கடிதங்களும் மின்னஞ்சல்களும் எளிதில் புறக்கணிக்கப்படுவதைக் கண்ட இரசிகர்கள், தொடரோடு தொடர்புடைய பொருட்களை நிறுவன அலுவலகங்களுக்கு அனுப்பத் தொடங்கினர. ராஸ்வெல் தொடரில் வரும் வேற்றுக்கோள் மாந்தர் காரச் சுவைச்சாற்றை விரும்பி உண்பவர்கள் என்பதால், 2000ஆம் ஆண்டில் அதன் இரசிகர்கள் டபாஸ்கோ புட்டிகளை டபிள்யூபி நிறுவனத்துக்கு அனுப்பினர். தொடருக்கு இரண்டாம் பருவம் கிடைத்தது. மூன்றாம் பருவம் யுபிஎன் அலைவரிசையில் ஒளிபரப்பாகி 2002இல் நிறைவுற்றது.

இம்முறைக்குச் செய்தி மதிப்பு மிகுதி. ஒரு மனுவைப் பற்றி எழுதாத நாளிதழ், அலுவலக வாயிலில் குவிந்த மூட்டைகளைப் பற்றி எழுதும். மேலும், பொருளை வாங்கி அனுப்புவதற்குப் பணமும் உழைப்பும் செலவாகின்றன. ஆகவே, அனுப்பியவரின் ஈடுபாட்டுக்கு அது சான்றாகிறது.

இணையவழி மனுக்கள்

பெட்டிஷன்ஆன்லைன் என்னும் இணையத்தளம் 1999இல் தொடங்கப்பட்டது. பின்னர் அது மூடப்பட்டது. 2007இல் நிறுவப்பட்ட சேஞ்ச்.ஆர்க் தளம் இத்துறையில் முன்னிலை பெற்றது. இத்தளங்களில் எவரும் எந்நாட்டில் இருந்தும் சில நொடிகளில் கையொப்பமிடலாம். இதனால் கையொப்பங்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. அதே காரணத்தால் ஒரு தனிக் கையொப்பத்தின் மதிப்புக் குறைந்தது. 1968இல் ஒரு கடிதத்துக்கு அஞ்சல்தலை வாங்கி எழுதி அனுப்பியவரையும், ஒரு பொத்தானை அழுத்தியவரையும் நிறுவனங்கள் ஒரே அளவில் கருதுவதில்லை.

குறிப்பிடத்தக்க இயக்கங்கள்

ஜெரிக்கோ (2007)

அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிந்தைய ஒரு சிற்றூரைப் பற்றிய இத்தொடரைச் சிபிஎஸ் 2007 மே மாதம் நிறுத்தியது. முதல் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், சரணடையுமாறு கேட்கப்படும் நாயகன், 1944இல் பஸ்தோன் முற்றுகையின்போது அமெரிக்கத் தளபதி மக்காலிஃப் ஜெர்மானியருக்கு அளித்த ஒரு சொல் மறுமொழியையே கூறுகிறான். கொட்டைகள் என்று பொருள்படும் அச்சொல், மறுப்பையும் ஏளனத்தையும் உணர்த்தும் வழக்கு ஆகும். இதைக் கொண்டு இரசிகர்கள் 20 டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கடலையைச் சிபிஎஸ் அலுவலகங்களுக்கு அனுப்பினர்.

2007 ஜூன் 6 அன்று, நிறுவனத்தின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் நீனா டாஸ்லர், மேலும் ஏழு அத்தியாயங்கள் தயாரிக்கப்படும் என அறிவித்தார். கடலை அனுப்புவதை நிறுத்துமாறும், தொடருக்குப் புதிய பார்வையாளர்களைச் சேர்க்குமாறும் அவர் இரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது வேண்டுகோளே முதன்மையானதாக அமைந்தது. 2008 பிப்ரவரி 12 அன்று தொடங்கிய இரண்டாம் பருவத்தின் பார்வையாளர் எண்ணிக்கை முதல் பருவத்தை விடக் குறைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் தொடர் மீண்டும் நிறுத்தப்பட்டது. ஏற்கனவே பார்த்துக் கொண்டிருந்தோரின் ஈடுபாட்டை அவ்வியக்கம் மெய்ப்பித்தது. பார்க்காதோரை அது அழைத்துவரவில்லை.

சக் (2009)

என்பிசியின் சக் தொடரின் இரசிகர்கள் ஒளிபரப்பு நிறுவனத்தை விட்டு விளம்பரதாரரை அணுகினர். தொடரில் சப்வே உணவகத்தின் பெயர் விளம்பரமாக இடம்பெற்றிருந்தது. 2009 ஏப்ரல் 27 அன்று, இரண்டாம் பருவத்தின் இறுதி அத்தியாயம் ஒளிபரப்பான நாளில், இரசிகர்கள் அவ்வுணவகக் கிளைகளுக்குச் சென்று உணவு வாங்கி, கருத்துப் பெட்டிகளில் தொடரின் பெயரைக் குறிப்பிட்டனர். அடுத்த மாதம் சப்வே நிறுவனத்தின் விளம்பர ஆதரவுடன் 13 அத்தியாயங்கள் கொண்ட மூன்றாம் பருவம் அறிவிக்கப்பட்டது. தொடர் 2012 ஜனவரி வரை நீடித்தது.

வெரோனிகா மார்ஸ் (2013)

2007இல் நிறுத்தப்பட்ட இத்தொடரின் உரிமை வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. தொடரை உருவாக்கிய ராப் தாமஸ், நிறுவனத்தின் இசைவுடன் 2013 மார்ச் 13 அன்று கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கூட்டுநிதி திரட்டலைத் தொடங்கினார். 20 இலட்சம் டாலர் இலக்கு அரை நாளுக்குள் எட்டப்பட்டது. இறுதியில் 91,000க்கும் மேற்பட்டோர் 57 இலட்சம் டாலர் அளித்தனர். திரைப்படம் 2014 மார்ச்சில் வெளியானது. பெருநிறுவனம் ஒன்றுக்கு உரிமையான படத்தின் செலவை இரசிகர்கள் ஏற்பது முறையா என்னும் விவாதமும் அப்போது எழுந்தது. 2019இல் ஹூலு சேவை நான்காம் பருவத்தை வெளியிட்டது.

தி எக்ஸ்பான்ஸ் (2018)

சைஃபை அலைவரிசை 2018 மே மாதம் மூன்று பருவங்களுடன் இத்தொடரை நிறுத்தியது. அதனிடம் இருந்தது ஐக்கிய அமெரிக்காவில் முதல் ஒளிபரப்புச் செய்யும் உரிமை மட்டுமே. இணையவழிக் காணொளிச் சேவைகளுக்கான வருவாய் அதற்குக் கிடைக்கவில்லை. ஆல்கான் நிறுவனமே தொடரைத் தயாரித்தது. இரசிகர்களின் மனு 1 இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. திரட்டிய நிதியைக் கொண்டு, அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேலாகப் பதாகை கட்டிய வானூர்தி ஒன்றையும் அவர்கள் பறக்கவிட்டனர். 2018 மே 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த விண்வெளி மாநாட்டில், தொடரின் நடிகர்கள் அவையில் இருக்கையில், அமேசானின் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தொடர் தொடரும் என அறிவித்தார். 2022 ஜனவரி வரை மேலும் மூன்று பருவங்கள் வெளிவந்தன.

மனு இங்கு புதிய உண்மை எதையும் உருவாக்கவில்லை. உரிமை தடையின்றிக் கிடைத்தது. முந்தைய பருவங்களை ஐக்கிய அமெரிக்காவில் இணையவழி வழங்கிய சேவையும் அமேசானே. ஏற்கனவே இருந்த வாய்ப்பின் மீது முடிவெடுப்போரின் கவனத்தைத் திருப்பியதே இயக்கத்தின் பங்கு எனலாம்.

ப்ரூக்ளின் நைன்-நைன் (2018)

ஃபாக்ஸ் 2018 மே 10 அன்று நிறுத்திய இத்தொடரை, மறுநாள் இரவே என்பிசி ஏற்றுக்கொண்டது. டுவிட்டரில் இரசிகர்களும் புகழ்பெற்றோரும் தெரிவித்த வருத்தம் செய்திகளில் பரவலாக இடம்பெற்றது. எனினும், தொடரைத் தயாரித்தது யுனிவர்சல் டெலிவிஷன். அதுவும் என்பிசியும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. பிறருடைய அலைவரிசையில் இருந்த தன் பொருளையே அக்குழுமம் திரும்பப் பெற்றது.

மானிஃபெஸ்ட் (2021)

என்பிசி 2021 ஜூன் 14 அன்று இத்தொடரை நிறுத்துவதற்குச் சில நாட்கள் முன்னர், அதன் முதல் இரு பருவங்கள் நெட்ஃபிளிக்ஸ் சேவையில் வெளியாகியிருந்தன. அங்கு அது வாரக்கணக்கில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட தொடர்களுள் ஒன்றாக விளங்கியது. கதையில் வரும் வானூர்தியின் எண் 828 என்பதால் ஆகஸ்ட் 28ஐத் தெரிவு செய்து, 20 அத்தியாயங்கள் கொண்ட இறுதிப் பருவத்தை நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. மனுக்களும் இருந்தன. ஆயினும், நிறுவனத்தின் சொந்தப் பதிவுகளில் தெரிந்த பார்வை நேரமே வலுவான சான்றாக இருந்தது.

பயனளிக்காத இயக்கங்கள்

கையொப்பங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்குக் கனடியத் தொடரான ஆன் வித் அன் ஈ தெளிவான எடுத்துக்காட்டாகும். சிபிசியும் நெட்ஃபிளிக்சும் இணைந்து வழங்கிய இத்தொடர், மூன்றாம் பருவத்துடன் முடிவதாக 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதத்திலேயே, நெட்ஃபிளிக்சுடன் இணைந்து தயாரிப்பதில் இனி ஈடுபடப்போவதில்லை என்று சிபிசி தலைவர் தெரிவித்திருந்தார். இரசிகர்களின் மனு 10 இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. விளம்பரப் பலகைகளும் நிறுவப்பட்டன. இருப்பினும் தொடர் திரும்பவில்லை. தி எக்ஸ்பான்ஸ் மனுவை விடப் பல மடங்கு பெரிய மனு தோற்றதற்கு, அதை ஏற்று நடத்த ஆதாயமுள்ள நிறுவனம் எதுவும் முன்வராததே காரணம் எனலாம்.

நெட்ஃபிளிக்ஸ் 2019 ஆகஸ்டில் நிறுத்திய தி ஓஏ தொடரும் மனுக்கள், நியூயார்க் டைம்ஸ் சதுக்க விளம்பரப் பலகை ஆகியவற்றுக்குப் பின்னும் மீளவில்லை. சேவை நிறுவனமே தயாரிக்கச் செய்து உலகெங்கும் வெளியிடும் தொடர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது கடினம். அத்துடன், ஒவ்வொருவரும் எந்த நிமிடம் வரை பார்த்தனர் என்பதை அந்நிறுவனம் தானே அறியும். மாதிரி வீடுகளின் அளவீடு பிழையானது என்று வாதிட்ட பழைய வழி அங்கு பயன்படுவதில்லை.

மனுக்களின் வரம்புகள்

கற்பனையான ஒரு கணக்கு மனுவின் வரம்பை விளக்கும். ஒரு தொடரை 60 இலட்சம் பேர் பார்க்கின்றனர் எனவும், அது நீடிக்க 80 இலட்சம் பேர் தேவை எனவும் கொள்வோம். 2 இலட்சம் பேர் மனுவில் கையொப்பமிட்டால், அவர்களுள் பெரும்பாலோர் ஏற்கனவே அந்த 60 இலட்சத்துள் அடங்கியவர்கள். 20 இலட்சம் என்னும் பற்றாக்குறை அப்படியே இருக்கும்.

இதைத் தவிர வேறு வரம்புகளும் உள்ளன:

- கையொப்பமிட்டவர் தொடர் ஒளிபரப்பாகும் நாட்டில் வாழ்பவரா என்பது விளம்பரதாரருக்கு முதன்மையானது. மனு அதைக் காட்டுவதில்லை.
- கையொப்பமிட்டவர் கட்டணம் செலுத்திப் பார்ப்பவரா என்பதும் தெரிவதில்லை.
- ஒருவரே பல மின்னஞ்சல் முகவரிகளைக் கொண்டு பல முறை கையொப்பமிட இயலும்.
- காலம் குறுகியது. அமெரிக்க அலைவரிசைத் தொடர்களில் நடிகர்களை அடுத்த பருவத்துக்குத் தக்கவைக்கும் ஒப்பந்த உரிமை வழமையாக ஜூன் இறுதியில் முடிவடைகிறது. அதன் பின்னர் நடிகர்கள் வேறு பணிகளுக்குச் செல்வர், அரங்கங்கள் கலைக்கப்படும். கம்யூனிட்டி தொடரின் ஆறாம் பருவத்தை யாஹூ நிறுவனம் அறிவித்தது 2014 ஜூன் 30 அன்று, இக்கெடு முடியும் நாளில் ஆகும்.

மீட்ட நிறுவனத்துக்கு ஆதாயம் உறுதி என்றும் கூறமுடியாது. கம்யூனிட்டி உள்ளிட்ட தன் காணொளித் தொடர்களுக்காக 4.2 கோடி டாலர் இழப்பை யாஹூ 2015இல் கணக்கில் காட்டியது. அவற்றை வழங்கிய அதன் காணொளிச் சேவை 2016 தொடக்கத்தில் மூடப்பட்டது.

இதற்கு மாறாக, பணமாக வெளிப்பட்ட ஆர்வம் நிறுத்திய நிறுவனத்தின் மனத்தையே மாற்றியதுண்டு. ஃபாக்ஸ் 2002இல் நிறுத்திய ஃபேமிலி கை என்னும் இயங்குபடத் தொடரின் டிவிடி தொகுப்புகள் 2003 முதல் பெருமளவில் விற்பனையாயின. மற்றோர் அலைவரிசையில் அதன் மறு ஒளிபரப்பும் நல்ல வரவேற்பைப் பெற்றது. 2005 மே 1 அன்று ஃபாக்ஸ் நிறுவனமே அதை மீண்டும் தொடங்கியது.

நிறைவுப் பகுதிகள்

முழுமையான மீட்புக்கு மாற்றாக, முற்றுப்பெறாத கதையை முடித்துவைக்கும் நிறைவுப் பகுதி ஒன்றை இரசிகர்கள் பெறுவதுண்டு. புதிய பருவத்தை விட இதற்கு ஆகும் செலவு குறைவு என்பதால் நிறுவனங்கள் இதற்கு எளிதில் இணங்குகின்றன.

- ஃபயர்ஃபிளை: ஃபாக்ஸ் 2002இல், தயாரிக்கப்பட்ட 14 அத்தியாயங்களுள் 11ஐ மட்டும் ஒளிபரப்பி நிறுத்தியது. டிவிடி விற்பனையைத் தொடர்ந்து செரினிட்டி என்னும் திரைப்படம் 2005இல் வெளியானது. ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவில் உருவான படம் திரையரங்குகளில் ஏறத்தாழ அதே தொகையையே ஈட்டியதால், அடுத்த படம் எடுக்கப்படவில்லை.
- சென்ஸ்8: மும்பை உட்படப் பல நாடுகளின் நகரங்களில் படமாக்கப்பட்ட இத்தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2017 ஜூன் 1 அன்று நிறுத்தியது. மனுவில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அம்மாத இறுதியில் சிறப்பு நிறைவு அத்தியாயம் ஒன்று அறிவிக்கப்பட்டு, 2018 ஜூன் 8 அன்று வெளியானது.
- டைம்லெஸ்: என்பிசி 2017 மே மாதம் நிறுத்தி, மூன்று நாட்களில் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2018இல் மீண்டும் நிறுத்தப்பட்டபோது, இரசிகர்கள் சான் டியேகோ காமிக்-கான் விழாவின் மேல் பதாகையுடன் உலங்கு வானூர்தி ஒன்றைப் பறக்கவிட்டனர். 2018 டிசம்பர் 20 அன்று இரு பகுதிகள் கொண்ட நிறைவு ஒளிபரப்பானது.

மதிப்பீடு

இணையவழி மனு ஒன்று நிறுத்தப்பட்ட தொடரைத் தனித்து மீட்டது என உறுதியாகக் கூறத்தக்க நிகழ்வு மேற்கண்டவற்றுள் இல்லை. அதேவேளை, மனுக்கள் பயனற்றவை என்று கூறுவதும் பொருந்தாது. சிதறிக் கிடக்கும் இரசிகர்களை ஓரிடத்தில் திரட்டுவதற்கும், செய்தி ஊடகங்களின் கவனத்தைப் பெறுவதற்கும், நிதி திரட்டல் போன்ற அடுத்த கட்ட முயற்சிகளுக்கு ஆட்களைச் சேர்ப்பதற்கும் அவை உதவியுள்ளன. வெற்றி பெற்ற இயக்கங்கள் பலவும் மனுவோடு நின்றுவிடவில்லை. தொடரைத் தொடரும் உரிமையும் தேவையும் உள்ள ஒருவரை அடையாளம் கண்டு, அவருக்குப் புரியும் அளவுகோலில் தம் எண்ணிக்கையைக் காட்டின. சக் இரசிகர்கள் விளம்பரதாரரின் விற்பனையிலும், வெரோனிகா மார்ஸ் இரசிகர்கள் முன்பணத்திலும், மானிஃபெஸ்ட் பார்வையாளர்கள் பார்வை நேரத்திலும் அதைக் காட்டினர்.

இயக்கம் ஒன்றின் பயனை அது பெற்றுத்தந்த அத்தியாயங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிடுதல் முழுமையாகாது. 1968ஆம் ஆண்டின் கடிதங்கள் பெற்றுத்தந்தவை 24 அத்தியாயங்களே. அவை சேர்ந்ததால் உருவான மறு ஒளிபரப்புத் தொகுப்பு, அக்கடிதங்களை எழுதியோர் எதிர்பார்த்திராத அளவுக்கு அத்தொடரின் வாழ்நாளை நீட்டித்தது.